நீங்கள் முதலில் நிறுத்திய பயணம் எது?

அரை டேங்க்

பெட்ரோல் விலையைப் பற்றி இந்த இணைய மன்றத்தில் எல்லாரும் அவரவர் புனைபெயரில் புலம்பி முடித்தாகிவிட்டது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். விலை ஏறிய பிறகு நீங்கள் முதன்முதலில் நிறுத்திய பயணம் எது?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒருநாளும் லிட்டர் கணக்குச் சொல்லிப் போட்டதில்லை. பங்கில் போய் நின்றால் ஒரே தொகைதான் சொல்வேன். வருஷக்கணக்காக அதே தொகை. அதனால் விலை ஏறியது என் பர்ஸுக்குத் தெரியவே இல்லை, வண்டிக்குத்தான் தெரிந்தது. திங்கள் காலையில் போட்டால் வெள்ளி சாயங்காலம்தான் அந்த மஞ்சள் விளக்கு எரியும். அது வியாழனுக்கு வந்தது. வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, குனிந்து அடியில் ஒழுகுகிறதா என்றுகூடப் பார்த்தேன். புதன்கிழமையே விளக்கு எரிந்த வாரம்தான் பில்லை எடுத்து உருப்படியாகப் படித்தேன். தொகை பழையபடி இருந்தது, லிட்டர்தான் இளைத்திருந்தது.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டேன். தேதி, கிலோமீட்டர், எங்கே போனேன் என்று மூன்றே கட்டம். ஒரு மாதம் எழுதிப் பார்த்தால், வேலைக்குப் போய்வருவது பாதிதான். மிச்சமெல்லாம் சில்லறைப் பயணம். அந்தச் சில்லறையில் பெரியது, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய்வருவது. ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம். "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருமுறை நினைத்தேன். நான்கு மாதம் ஓடிவிட்டது. ஏன் வரவில்லை என்று அக்காவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை போல இருக்கிறது.

பார்சல் வண்டி

நிறுத்துகிற வசதி உங்களுக்கு இருக்கிறது. எனக்கு ஓடினால்தான் காசு.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். பொருளை எடுக்கிற இடத்திலிருந்து கொடுக்கிற இடம்வரை உள்ள தூரத்துக்குத்தான் கூலி. எடுக்கப் போகிற தூரமும், கொடுத்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிற தூரமும் என் தலையில். முன்பு பத்து பார்சல் கொடுத்தால் இரண்டு பார்சலின் கூலி பெட்ரோலுக்குப் போகும். இப்போது மூன்று போகிறது. வண்டியின் தேய்மானத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, சேர்த்தால் மறுநாள் வேலைக்குப் போக மனசு வராது.

போன மாதம் ஒரு வீட்டில் நாலு மாடி ஏறிப் பொருளைக் கொடுத்தேன். வாங்கிய பெரியவர் நல்ல மனுஷர். "பெட்ரோல் ஏறினதால டெலிவரி சார்ஜையும் ஏத்திட்டாங்களே தம்பி, உங்களுக்காவது அது வருதா?" என்று கேட்டார். "வரலைங்க ஐயா" என்றேன். அவர் கையில் இருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஏற்றிய காசு அவர் பையிலிருந்து கிளம்பியது உண்மை, என் பைக்கு வந்து சேராததும் உண்மை. நடுவில் எங்கே இறங்கிக்கொண்டது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நான் எதை நிறுத்தினேன் என்று கேட்டால், சுற்றுவதை நிறுத்தினேன். முன்பெல்லாம் அடுத்த அழைப்பு வரும்வரை கடைகள் அதிகம் உள்ள பக்கமாக மெதுவாக உருட்டிக்கொண்டு போவேன். இப்போது கடைசிப் பார்சல் கொடுத்த இடத்திலேயே ஒரு மர நிழல் பார்த்து எஞ்சினை அணைத்துவிடுகிறேன். தூரமான அழைப்பு வந்தால் மறுத்துவிடலாம்தான். ஆனால் நாலு முறை மறுத்தால் அன்றைக்கு நல்ல அழைப்பே வராது. ஏன் வராது என்று யாரிடமும் கேட்க முடியாது, கேட்பதற்கு அங்கே ஆளே இல்லை.

ஸ்பானர்

நான் பட்டறை வைத்திருப்பவன். விலை ஏறினால் எங்களிடம் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். "மைலேஜ் வரல, பாருங்க" என்பவர்கள் ஒரு வகை. வர வேண்டிய நாளில் வராமல் போய், ஆறு மாதம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் எனக்குப் பயம். பெட்ரோல் காசை வண்டியிலேயே மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். சமீபத்தில் ஒரு பையன் வந்தான். பிரேக் ஷூ தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசி, டிரம்மில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். "சத்தம் வந்துச்சு அண்ணே, ஹெட்செட் போட்டுக்கிட்டு ஓட்டினேன்" என்றான். நான் என்ன சொல்ல?

மைலேஜ் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் எஞ்சினைத் தொடுவதே இல்லை, டயரைத்தான் பார்ப்பேன். பத்தில் ஆறு வண்டியில் காற்று குறைவாக இருக்கும். அடுத்து, பின் சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றிப் பார்ப்பேன். பிரேக் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு சுற்றிலேயே நின்றுவிடும். அதற்கப்புறம்தான் ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம்.

ஓட்டுவதில் உள்ள சில தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். கார்பரேட்டர் காலத்துப் பேச்சு அது. பெட்ரோலை அளந்து தெளிக்கிற இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். போதாக்குறைக்கு எஞ்சின் பிடிமானமும் போய், முழு பாரமும் பிரேக்கில் விழும். அதேபோல, விலை கூடுதலான அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறும் என்பதும். உங்கள் எஞ்சினுக்கு அதுதான் வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தால் போடுங்கள், இல்லையென்றால் காசு கரிதான். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டுவது, டேங்கில் மாத்திரை போடுவது இதையெல்லாம் பற்றிக் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

ரிசர்வில் ஓட்டுவதும் தப்பு. இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே இருக்கும். அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் பம்ப் சீக்கிரம் போகும். ஆனால் இதை நான் சொல்கிறபோது ஒருவர் திருப்பிக் கேட்டார்: "ஃபுல் டேங்க் போட மொத்தமா காசு வேணாமா?" அதற்கு என்னிடம் ஸ்பானர் இல்லை.

வேகம்தான் பெரிய திருடன். காற்று எதிர்ப்பது வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. 80-இல் போனவர் 100-இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே.

பழைய பேப்பர்

ஸ்பானர் சொன்ன காற்று விஷயத்துக்கு ஒரு நாடே சட்டம் போட்டிருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளுக்கு ஏற்றுமதியை நிறுத்தியதும், சில மாதங்களில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்குச் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் வரிசை. நம்பர் பிளேட்டில் ஒற்றைப்படை எண் உள்ளவர்களுக்கு ஒருநாள், இரட்டைப்படைக்காரர்களுக்கு மறுநாள் என்று பல இடங்களில் பெட்ரோல் விற்றார்கள். 1974-இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அந்தச் சட்டம் முழுசாக விலகியது 1995-இல்.

பல பேர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: கச்சா எண்ணெய் இறங்கினாலும் பங்கில் ஏன் உடனே இறங்குவதில்லை? ஏறும்போது, "அடுத்த லோடைப் புது விலைக்கு வாங்கணும்" என்பார்கள். இறங்கும்போது, "இருக்கிறது பழைய விலைக்கு வாங்கின சரக்கு" என்பார்கள். இரண்டிலும் நியாயம் இருப்பது போலவே இருக்கும். 1991-இல் பிரிட்டனின் பெட்ரோல் விலைகளை ஆராய்ந்த ராபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் இதற்கு 'ராக்கெட்டும் இறகும்' என்று பெயர் வைத்தார். ஏறுவது ராக்கெட், இறங்குவது இறகு. விலையில் பாதிக் கதை வரியிலும் இருக்கிறது. லிட்டருக்கு இவ்வளவு என்று வரி போடும் நாட்டில் கச்சா எண்ணெய் இரு மடங்கானாலும் பங்கில் இரு மடங்காகாது, பாதியானாலும் பாதியாகாது. எண்ணெய் வியாபாரம் பெரும்பாலும் டாலரில் நடப்பதால், உள்நாட்டுப் பணம் சரிந்தால் எண்ணெய் ஏறாமலேயே பெட்ரோல் ஏறும்.

என் அனுபவம் கொஞ்சம் கோமாளித்தனமானது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது நான் புதிதாக வண்டி வாங்கியிருந்தேன், ஓட்டவே பயம். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயை மே மாதத்தில் பெற்றுக்கொள்வதற்கான ஒப்பந்தத்தின் விலை பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். அதை எடுத்துக்கொண்டு போகிறவருக்குக் காசும் கொடுக்கிறேன் என்கிற நிலை. மறுநாள் ஒப்பந்தம் முடிகிறது, எண்ணெயை இறக்கிவைக்கத் தொட்டிகளில் இடம் இல்லை, அதுதான் காரணம். "இனி பங்கில் நமக்குக் காசு தருவானா?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அன்றைக்கு என் டேங்க் நிறைந்திருந்தது. ஊரடங்கு. போக ஓர் இடம் இல்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியைப் பிறகு எடுத்தபோது பழைய பெட்ரோலில் எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது.

பின் சீட்

நாங்கள் நாலு பேர் ஒரே காரில் போக ஆரம்பித்தோம். மிச்சம் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் எப்போதும் ஒருவர் தாமதமாக வருவார், அவருக்காக ஏசி போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நிற்போம். முன் சீட்டில் யார் என்பதில் மூன்று வாரம் மௌன யுத்தம்.

பெரிய தர்மசங்கடம் காசுதான். கார்க்காரர் கேட்க மாட்டார், நாங்கள் கையில் கொடுக்கக் கூசுவோம். கடைசியில் டேஷ்போர்டில் ஒரு பழைய கவரை வைத்து, அவரவர் பங்கை அதில் போடுவது என்று முடிவானது. ஒருநாள் கவரைத் திறந்து பார்த்த கார்க்காரர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. யாரோ ஒருவர் இரண்டு மாதமாகப் போடவே இல்லை. யார் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் கவரில் சரியான தொகை இருந்தது. நான்தான் அந்த ஆள் என்று மற்றவர்கள் இன்றுவரை நினைக்கிறார்கள். நான் இல்லை.

மெதுவாகப் போ

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. அந்தப் பயணத்தில் கை வைக்க முடியாது. அதனால் என் பாட்டு வகுப்பில் கை வைத்தேன். பெட்ரோல் என்று சொன்னால் அம்மா தன்னால்தான் என்று நினைப்பாள், அதனால் "டீச்சர் வெளியூர் போயிருக்காங்கம்மா" என்றேன். ஒவ்வொரு செவ்வாயும் பெல்ட் போட்டுவிடும்போது அம்மா கேட்கிறாள்: "டீச்சர் இன்னும் வரலையா?" இரண்டு முறை கேட்டபோது சிரிக்கிறாளோ என்று சந்தேகம் வந்தது. மூன்றாவது முறை சந்தேகமே இல்லை.

சார்ஜர்

மின்சார வண்டி வாங்கிவிட்டேன் என்று இங்கே எழுதினால் அடிக்க வருவீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். பங்குக்குப் போகாததால் விலை என்னைத் தொடாது என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் அத்தனை பொருளும் ஏதோ ஒரு லாரியில் ஏறித்தான் வருகிறது. அந்த லாரிக்காரர் வண்டியை மாற்றவில்லை.

அரை டேங்க்

எல்லாருக்கும் நன்றி. ஸ்பானர் சொன்னபடி டயர் காற்றைப் பார்த்தேன். முன் டயர் இரண்டும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தன. வண்டியை மூன்று மாதமாகச் சந்தேகப்பட்டதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

'மெதுவாகப் போ' எழுதியதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். போன் பண்ணாமல் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல், "அன்னைக்கு நான் சொன்னதை இத்தனை நாளா மனசுல வச்சிருந்தியா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்ரோல்க்கா, வெறும் பெட்ரோல்தான் என்றேன். நம்பவில்லை. வண்டியிலிருந்து அந்த நோட்டை எடுத்துவந்து காட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்து, கடைசியாக அவள் வீட்டின் பெயர் இருந்த தேதியில் நிறுத்தினாள். அப்புறம் சிரித்தாள்.

அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை. கேட்டால், "அதான் உனக்குத் தெரியலையே, விடு" என்கிறாள்.