10 நாளில் கொழும்பைச் சுற்றிப் பார்த்து இடம் முடிவெடுக்க: வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா, வத்தளையா?

திருமலை_வாசி
ஜனவரியில் திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு வாறம். எனக்கு வேலை கோட்டையில். மனைவி அரசாங்க உத்தியோகம், இடமாற்றம் நாரஹேன்பிட்டிக்கு. மகளுக்கு 4 வயது. சொந்த வாகனம் இல்லை, 2 அறை வீடு போதும். நவம்பரில் 10 நாள் லீவு போட்டு இடம் பார்க்க யோசனை. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளை நாலும் மனதில் இருக்கு. எங்க தங்கி, எதை எந்த நேரத்தில் பார்க்கிறது? கேட்கிற எல்லாரும் "வெள்ளவத்தைக்குப் போ" எண்டுதான் சொல்லுகினம், ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

காலிவீதி
நவம்பரில் பின்னேர மழை இருக்கும். எங்க ஒழுகுது, எந்த ஒழுங்கையில் தண்ணி நிக்குது எண்டு அப்பதான் தெரியும். அதனால் இடம் பார்க்க நல்ல மாதம், மாத்த வேண்டாம்.

10 நாளும் ஒரே லொட்ஜில் நிக்காதேங்கோ. பாதி நாள் வெள்ளவத்தை, பாதி கொட்டாஞ்சேனை. வேலை நாள் காலமை 7 மணிக்கு, நீங்கள் குடியிருக்க நினைக்கிற ஒழுங்கை வாசலில் இருந்து வெளிக்கிட்டு கோட்டை வரைக்கும் போங்கோ. ஒரு நாள் ரயில், ஒரு நாள் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ். ரயிலுக்கு வீதி நெரிசல் இல்லை, ஆனால் தெற்கில் இருந்து வாற கடுகதிகளில் பல வெள்ளவத்தையில் நிக்காது. நிக்கிறது மொறட்டுவைப் பக்கமே நிரம்பி வரும். எத்தனை நிமிஷம் எண்டதை விட, ஏற இடம் கிடைக்குதா எண்டு பாருங்கோ. பின்னேரம் 5.30க்கு அதே வழியால் திரும்புங்கோ. பகல் 1.30க்குப் பள்ளிக்கூடம் விடுற நேரமும் ஒருக்கா வீதியில் நிண்டு பாருங்கோ, ஸ்கூல் வான் எல்லாம் அப்பதான் வெளிக்கிடும்.

உங்கட கணக்கில் இடிக்கிறது மனைவியின் பயணம். நாரஹேன்பிட்டி கடற்கரை ரயில் பாதையில் இல்லை, களனிவெளிப் பாதையில் இருக்கு. வெள்ளவத்தையில் இருந்து குறுக்கே போகவேணும்: பஸ் மாறுறது, இல்லாட்டி தினமும் ஓட்டோ. அதனால் பட்டியலில் இல்லாத கிருலப்பனையையும் சேருங்கோ. அவவுக்கு நாரஹேன்பிட்டி அடுத்த ஸ்டேஷன், உங்களுக்கு ஹைலெவல் வீதியில் 138 பஸ். டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால் இறங்கினால் வெள்ளவத்தைச் சந்தையும் கோயிலும் கிட்ட.

மரைன்டிரைவ்
வெள்ளவத்தை ஏன் எண்டால்: தமிழ்க்கடை, சந்தை, மயூரபதி அம்மன் கோயில், தமிழ்ச் சங்கம், தமிழ் பேசுற டொக்டர், எல்லாம் நடை தூரம். அதுக்குத்தான் அந்த வாடகை. கொட்டாஞ்சேனையிலும் இதெல்லாம் இருக்கு, கோட்டை இன்னும் கிட்ட. என்ன, ஒழுங்கைகள் ஒடுக்கம். வத்தளையில் அதே காசுக்கு முற்றத்தோட வீடு வரும், ஆனால் வத்தளை நகருக்குள் ரயில் ஸ்டேஷன் இல்லை (கிட்ட உள்ளது ஹுணுப்பிட்டிய). பேலியகொடையும் களனிப் பாலமும் தாண்டித்தான் தினமும் கோட்டைக்கு வரவேணும்.

காலி வீதிக்குக் கடல் பக்கமா, மற்றப் பக்கமா எண்டது முக்கியம். கடல் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை உப்புக் காத்து நேரே அடிக்கும். பல்கனி கிராதி, ஏசியின் வெளிப்பெட்டி, ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் துரு ஏறும். நவம்பரில் காத்து இராது, அதனால் யன்னல் கொளுக்கியையும் கதவுப் பிணைச்சலையும் விரலால் தேய்ச்சுப் பாருங்கோ. புதுப் பெயின்ட் அடிச்ச இரும்பில் கொப்புளம் இருந்தால் உள்ளே அரிச்சிட்டுது.

வத்தளையில் களனி ஆத்துக்குக் கிட்டப் போனால் வெள்ளம் பாருங்கோ. 2016 மேயிலும் 2025 நவம்பரில் டித்வா புயலிலும் ஆறு பெருகிச்சுது. வீட்டுக்காரரைக் கேட்டால் "இங்க வராது" எண்டுதான் சொல்லுவார். மதில் அடியில் ஒரே உயரத்தில் கறைக்கோடு, கேற்றின் கீழ்ப்பாதியில் மட்டும் துரு, இடுப்பு உயரத்துக்கு ஏத்தின பிளக் பொயின்ட், கீழ் மூண்டடிக்கு மட்டும் புதுப் பெயின்ட், இதில் ஒண்டு கண்டால் முனைக்கடையிலும் ஓட்டோ தரிப்பிடத்திலும் விசாரியுங்கோ.

பள்ளிக்கூடக்_கணக்கு
பிள்ளைக்கு 4 வயது என்பதால் ஒரு விஷயம். அரச பாடசாலை முதலாம் தர அனுமதியில் 50 சதவீதம் அண்மையில் வசிப்போருக்கு என்று கேட்டு, பாடசாலைக்கு அருகே கூடிய வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் பலர். அந்தப் பிரிவில் புள்ளிகள் பல வருட வாக்காளர் இடாப்புப் பதிவுக்கும் வதிவிட ஆவணங்களுக்கும் போகின்றன. தூரத்திலும், உங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்ட வேறு அரச பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். ஜனவரியில் வருபவருக்கு இடாப்புப் பதிவே இருக்காது. ஆகவே பாடசாலை மதிலோடு ஒட்டிய வீட்டுக்கு மேலதிகமாகக் கொடுப்பதில் பயனில்லை.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது 4 சதவீதப் பிரிவு: சேவைத் தேவை கருதி இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்களின் பிள்ளைகள். சொந்த வேண்டுகோளில் எடுத்த இடமாற்றம் இதில் சேராது. மனைவியின் கடிதத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் ஊரில் இருக்கும்போதே திணைக்களத்தில் கேட்பது சுலபம். பிள்ளை சேரும் வருடத்துக்கான கல்வி அமைச்சின் அனுமதிச் சுற்றறிக்கையையும் எடுத்து வாசியுங்கள், விபரங்கள் மாறும்.

திருமலை_வாசி
கடிதத்தை இண்டைக்கே பார்க்கிறன், நன்றி. கிருலப்பனை யோசிக்கவே இல்லை. இன்னொண்டு: கிருலப்பனையில் மேல்மாடி அனெக்ஸ் ஒண்டு இருக்கு எண்டு ஒரு புரோக்கர் சொல்லுறார். ஒரு வருட அட்வான்ஸ், "கடிதம் எழுதினால் போதும்" எண்டு வீட்டுக்காரர். கரண்ட் பில்லைக் கீழ் வீட்டோட பாதிப் பாதி. சரிவருமா?

காலிவீதி
கடிதம் போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோட எழுதப்படவேணும். இல்லாட்டி சட்டத்தில் நிக்காது. குடுக்கிற காசு மாதாமாதம் வாடகையில் கழியிற முற்பணமா, போகேக்கை திருப்பித் தாற வைப்பா எண்டதை எழுத்தில் பிரிச்சுப் போடுங்கோ. 80,000 வாடகை எண்டால் ஒரு வருட அட்வான்ஸ் 9,60,000. இடையில் விட்டால் மிச்சம் எத்தனை நாளில் வரும் எண்டும் எழுதவேணும். கையெழுத்துப் போடுறவர் சொந்தக்காரர்தானோ எண்டு காணி உறுதியின் பிரதியைப் பாருங்கோ. சொந்தக்காரர் லண்டனிலோ கனடாவிலோ இருந்து இங்க மாமா திறப்பு வச்சிருக்கிறது சர்வ சாதாரணம். அப்ப அற்றோணித் தத்துவத்தின் (சொந்தக்காரருக்காகக் கையெழுத்துப் போட மாமாவுக்குக் குடுத்த அதிகாரப் பத்திரம்) பிரதி கேளுங்கோ.

பாதிப் பாதி கரண்டில் நீங்கள் நட்டப்படுவியள். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும். ஆளுக்கு 80 அலகு எண்டு வச்சால், தனி மீற்றரில் 61-90 படியில் நிக்கும். ஒரே மீற்றரில் 160 ஆகி 121-180 படிக்குப் போயிடும், அலகு விலையும் மாத நிலையான கட்டணமும் ஏறும். கீழே ஏசி போட்டால் அதுவும் உங்கட பாதியில். தனி மீற்றர் கேளுங்கோ. தரமாட்டன் எண்டால் உப மீற்றர் ஒண்டு பூட்டி, அதில் காட்டுற அலகுக்கு மட்டும் கணக்கு எண்டு ஒப்பந்தத்தில் எழுதுங்கோ.

மரைன்டிரைவ்
மேல்மாடி எண்டால் காலமை 6.30க்குப் போய், கீழ்வீட்டுக்காரர் குளிக்கிற நேரத்தில் மேலே ஷவரைத் திறந்து பாருங்கோ. பகலில் பார்த்தால் எல்லா வீட்டிலும் தண்ணி வரும். தாங்கி பொதுவா, மோட்டர் யாருடைய மீற்றரில் ஓடுது எண்டும் கேளுங்கோ. திறப்பு வாங்குற அண்டைக்குத் தண்ணி மீற்றரையும் கரண்ட் மீற்றரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கோ, பழைய பாக்கி உங்கட தலையில் வராது.