பெரியவீட்டுக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

சனி, 7 டிசம்பர் 2024

வசந்தா, 6:12: [ரோஜாப்பூ படம்] இனிய காலை வணக்கம். விடியல் நிச்சயம்.

கார்த்தி, 6:13: அம்மா, பூப்படம் போதும்மா. செல்வி அத்தை, பாலு மாமா எப்படி இருக்கார்?

செல்வி, 6:20: அப்படியேதான் கார்த்தி. அஞ்சு நாளா திண்ணையை விட்டு எறங்கல. சவரம் பண்ணல. தோட்டத்துப் பக்கம் போய்ப் பாருங்கன்னா "எதைப் பார்க்கறது, மணலையா"ங்கறார்.

ரவி, 6:24: 2011-ல தானே புயல் அடிச்ச மறுநாளே அரிவாளை எடுத்துட்டு விழுந்த மரத்தை வெட்டப் போனவரு அண்ணி. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்ட வெள்ளம் இந்தத் தடவை ஆளையே ஒடிச்சிருச்சு.

தீபா, 6:41: [படம்] கருவேல மரத்துக்கிட்ட ஒரு கிடேரி சேத்துல மாட்டிக்கிச்சு. வயிறு வரைக்கும் புதைஞ்சிருக்கு. நம்ம ஊர் நாணமேட்டு மாடு இல்ல. ஆத்துல அடிச்சிட்டு வந்து எங்கயோ கரையேறி அலைஞ்சிருக்கும்போல.

ரவி, 6:44: நம்ம பொழப்பே சேத்துல கெடக்கு. யாரு மாட்டுக்கோ நாம என்ன பண்றது?

வசந்தா, 6:45: வாயில்லா ஜீவன்டா ரவி. அப்படிப் பேசாத.

கார்த்தி, 6:47: தீபா, 101-க்குப் போடு. ஆடு மாடு கிணத்துல விழுந்தாலே தீயணைப்புக்காரங்கதான் தூக்கறாங்க. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

தீபா, 6:48: ரெண்டுக்கும் போட்டாச்சு.

தீபா, 7:15: அப்பா எறங்கிட்டார்!!

வசந்தா, 7:15: என்னது?

தீபா, 7:17: பசங்க கழுத்துல கயிறு போட்டு இழுக்கறதை வீடியோ எடுத்துட்டு வந்து காட்டினேன். "அறிவு கெட்டவனுங்களா, குரல்வளை நெரிஞ்சிரும்டா"ன்னு கத்திட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டார். செருப்புகூட மாட்டல.

செல்வி, 7:18: காப்பித்தண்ணி ஆறிப்போய்க் கெடக்கு. கெடக்கட்டும்.

தீபா, 8:50: தீயணைப்பு வண்டி ரோட்டோட நின்னுருச்சு, அண்ணனுங்க நடந்தே வந்துட்டாங்க. ஒரு காலைச் சுத்தி சேத்தை வாரிட்டு அந்தக் குழியில தண்ணி ஊத்தினாங்க. தண்ணி எறங்கினாதான் சேறு பிடியை விடுமாம். அப்பறம் அகலமான பட்டையை வயித்துக்கடியில குடுத்து ஏழு பேர் தூக்கினாங்க. அப்பா தலைமாட்டுல. மூக்குல அப்பியிருந்த சேத்தைத் துண்டு முனையால தொடைச்சிக்கிட்டே இருந்தார்.

தீபா, 8:51: வெளிய வந்துருச்சு. ஆனா நிக்கல.

வசந்தா, 8:58: சேத்துல எறங்கினவங்க எல்லாரும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கால்ல புண்ணு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. எலிக்காய்ச்சல் இப்படித்தான் வரும். பாலுவுக்குப் பித்தவெடிப்பு வேற.

செல்வி, 11:30: டாக்டரம்மா வந்து குளுக்கோஸ் ஏத்தினாங்க அண்ணி. வாயில எதையும் ஊத்தக்கூடாதாம், மூச்சுக்குழல்ல போயிருமாம். ஒருக்களிச்சுப் படுக்க விட்டா வயிறு உப்பிக்கும், நெஞ்சு தரையில பட உட்கார வைங்கன்னாங்க. இவர் முன்னாடியே ரெண்டு பக்கமும் வைக்கோல் கட்டு அண்டக் குடுத்திருந்தார். "மாடு வச்சிருந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. "எங்கப்பா வச்சிருந்தாரு"ன்னார். அஞ்சு நாள்ல வெளியாள்கிட்ட பேசின மொதப் பேச்சு.

கார்த்தி, 11:34: காதுல மஞ்சள் தோடு தெரியுதே. அதுல 12 இலக்க எண் இருக்கும். டாக்டர்கிட்ட குடுத்தா உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம்.

தீபா, 11:40: குறிச்சிட்டுப் போயிருக்காங்க. நெத்தியில வெள்ளையா சுட்டி இருக்கு. அப்பா அதைச் "செவலை"ன்னு கூப்பிடறார்.

ரவி, 11:42: பேர் வச்சாச்சா. போச்சு.

செல்வி, 22:15: ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தி உட்கார வைக்கணுமாம். சாக்கை விரிச்சு மாட்டுக்கிட்டயே படுத்துட்டார். கொசு புடுங்குது.

ஞாயிறு, 8 டிசம்பர் 2024

செல்வி, 4:50: எழுந்து நிக்குது.

செல்வி, 4:51: மாடு.

வசந்தா, 4:55: பாலுவும்தானே?

செல்வி, 4:56: சிரிக்கறார் அண்ணி. நெசமா.

தீபா, 13:20: உரிமையாளர் கிடைச்சிட்டாங்க. மேல ஆத்தங்கரை ஊர்ல ஒரு பாட்டி. அஞ்சு உருப்படி வச்சிருந்தாங்களாம், நாலு போயிருச்சு. போன்ல சுட்டி இருக்கான்னு மட்டும்தான் கேட்டாங்க, அப்பறம் பேசவே முடியல.

ரவி, 13:24: கூட்டிட்டுப் போயிருவாங்களா?

தீபா, 13:26: கொட்டாயே இல்லையாம் சித்தப்பா. பொங்கல் வரைக்கும் உங்க வீட்டுல கெடக்கட்டுமான்னு கேட்டாங்க. அப்பா போனை வாங்கி "ஆகட்டும் ஆயா"ன்னுட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கல.

கார்த்தி, 13:30: நம்பிக்கைதான் வாழ்க்கைன்னு ஒரு ஃபார்வர்டு வந்திருக்கு, போடவா?

வசந்தா, 13:30: வேணாம்.

ரவி, 13:32: நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வில்லியனூர்ல இருந்து நாலு மணிக்குக் கெளம்பறேன் அண்ணி. தவிடு, புண்ணாக்கு வாங்கிட்டு வர்றேன். வேற என்ன வேணும்?

பாலு, 13:41: ரவி மோட்டருக்கு பேரிங் வாங்கிட்டு வா. உள்ள மண்ணு பூந்துகிச்சு

கார்த்தி, 13:41: மாமாவா டைப் பண்றார்???

செல்வி, 13:42: நான் இல்லப்பா. அவரேதான். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு.

ரவி, 13:43: என்ன நம்பர்ணா?

பாலு, 13:47: 6205. ரெண்டு