பீற்றூட் பரிசோதனைக்கு காந்தமானி ஒன்று இரவல் தருவீர்களா?

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிகுடியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். பலவீனமான காந்தப்புலம் கலமென்சவ்வை மாற்றுமா என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். அருமையான கேள்வி, விட மனமில்லை.

1985இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் லிபோஃப் ஒரு கருத்தை முன்வைத்தார்: பூமியின் காந்தப்புலத்தோடு குறித்த அதிர்வெண்ணில் இன்னொரு மெல்லிய புலம் சேர்ந்தால் கல்சியம் அயன்கள் மென்சவ்வைக் கடப்பது மாறலாம். நம் பக்கத்துப் புலம் சுமார் 40 மைக்ரோ ரெஸ்லா. காந்தப்புலத்தில் கல்சியம் அயன் வட்டமாகச் சுற்றும் அதிர்வெண்தான் அவர் சொன்ன அதிர்வெண்; நம் புலத்துக்கு அது ஏறத்தாழ 31 ஹேர்ட்ஸ் என்று கணக்கு வருகிறது. நீர் மூலக்கூறுகளோடு ஓயாமல் மோதும் அயன் எப்படிச் சுற்றும் என்று பௌதிகவியலாளர் பலர் மறுக்கிறார்கள். அந்த மறுப்பு எனக்கும் வலுவாகவே படுகிறது. அதனால்தான் செய்து பார்க்க ஆசை.

பீற்றூட்டை ஒரே அளவாக வெட்டிக் கழுவி, செப்புக்கம்பிச் சுருள் இரண்டுக்கு நடுவே நீரில் வைப்போம். மென்சவ்வு கசிந்தால் சிவப்பு நிறம் நீரில் இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க, மின்னோட்டமில்லாத சுருளுக்குள்ளும் ஒரு தொகுதி இருக்கும். சுருள் சூடாகக் கூடாது. சூடே மென்சவ்வைக் கெடுத்துவிடும்.

மைக்ரோ ரெஸ்லா அளக்கும் காந்தமானியும் நீரில் இறங்கிய நிறத்தை அளக்கும் நிறமானியும் எங்களிடம் இல்லை. வந்தாறுமூலை, ஒலுவில், சம்மாந்துறைப் பக்கம் ஆய்வுகூடத்தில் இருக்கும் சேர்மார், அக்காமார் யாராவது ஒரு கிழமைக்குத் தருவீர்களா? அங்கேயே வந்து அளக்க விட்டாலும் போதும், பிள்ளைகளை நானே கூட்டி வருகிறேன். உள்பெட்டியில் எழுதுங்கள்.