பந்தைத் தொட்டுவிட்டால் ஃபவுல் இல்லையா? டாக்கிள் அழிவது யாரால்?

பின்வரிசை5 (சாட்ஸ்வொர்த்)

கால்பந்து ஆட்டம். விங்கர், அதாவது ஓரமாகத் தாக்கி ஆடுகிறவன், ஓடி வருகிறான். பின்கள வீரன் பக்கவாட்டில் சறுக்கி டாக்கிள் செய்து, அதாவது காலால் பறித்து, பந்தைச் சுத்தமாக எடுக்கிறான், பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் விங்கர் அவன் கால் தடுக்கி விழுகிறான். இன்றைய ரெஃப்ரீ அதற்கும் விசில் ஊதுகிறார், பல சமயம் மஞ்சள் அட்டையும் எடுக்கிறார். இது என்ன நியாயம்?

1997-இல் திருத்தி எழுதிய 12-ஆம் விதி தெளிவாக இருந்தது. டாக்கிளில் பந்தைத் தொடுமுன் ஆளைத் தொட்டால் ஃபவுல். எது முதலில் என்பதுதான் கணக்கு. ரெஃப்ரீக்கும் குழப்பமில்லை, ஆடுகிறவனுக்கும் குழப்பமில்லை. பின்னால் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் உயர்மட்ட லீகான பி.எஸ்.எல்-இன் முதல் பட்டத்தை 1996-97-இல் வென்ற மேனிங் ரேஞ்சர்ஸ், டர்பனில் இருக்கும் நம் சாட்ஸ்வொர்த் அணி. அதே ஊர்ப் பையன்களிடம் இன்று பயிற்சியாளர்கள், "காலை நீட்டாதே, கூடவே ஓடு" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. விதி செய்த வேலை இது.

விசில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, நீங்கள் சொன்ன டாக்கிள் நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால் அது ஃபவுல் இல்லை. ஊதியவர் தப்பு, விதி தப்பில்லை.

விதியில் மூன்று படி உண்டு. கவனக்குறைவு என்றால் ஃபவுல் மட்டும், அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் போனால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலம், அல்லது எதிராளியின் உடலுக்கு ஆபத்து என்றால் சிவப்பு. "பந்தைத் தொட்டானா?" என்ற கேள்வி இந்த மூன்றிலும் இல்லை. அது ஏன் இல்லை என்று யோசியுங்கள். பந்தைத் தொட்ட அதே பாதம் அடுத்த கணம் கணுக்காலை முறிக்கலாம். முறிந்த எலும்புக்கு வரிசை தெரியாது.

நடுவர் பார்ப்பது வேறு. எவ்வளவு தூரத்திலிருந்து, என்ன வேகத்தில் வந்தான்? முழங்கால் மடிந்திருந்ததா, விறைத்து நீண்டிருந்ததா? ஸ்டட் (பூட்ஸின் அடியில் இருக்கும் முளை) தரையைப் பார்த்ததா, ஆளைப் பார்த்ததா? பட்டது பாதத்திலா, கணுக்காலிலா, அதற்கும் மேலா? இரண்டு கால்களும் தரையை விட்டுக் கிளம்பினவா? கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசம். அந்தரத்தில் இருப்பவனால் பிரேக் போடவும் முடியாது, திசை மாற்றவும் முடியாது.

இடதுவிங் (லெனேசியா)

அண்ணா சொன்னதுதான் சரி. பழைய காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் அடி வாங்கினவர்கள் பக்கம் நின்று பார்க்க வேண்டும். 1966 உலகக் கோப்பையில் பெலேயை பல்கேரியா உதைத்தது, பிறகு போர்ச்சுகல் உதைத்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது, நொண்டிக்கொண்டே ஆடினார். 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் ஜென்டிலே ஒரே ஆட்டத்தில் மரடோனாவை 23 முறை ஃபவுல் செய்தார், வாங்கியது ஒரே ஒரு மஞ்சள். அடுத்த ஆண்டு ஸ்பெயின் லீகில் கோய்கோயெட்சியா என்ற பின்கள வீரர் பின்னாலிருந்து அடித்ததில் மரடோனாவின் கணுக்கால் முறிந்தது. நெதர்லாந்தின் வான் பாஸ்டன் கடைசியாக ஆடியபோது வயது 28. அவரும் கணுக்கால் காயத்தால்தான் ஆட்டத்தை விட்டார். 1998 உலகக் கோப்பைக்கு முன்பு பின்னாலிருந்து வரும் ஆபத்தான டாக்கிளுக்குச் சிவப்பு என்று எழுதினார்கள். என்னைக் கேட்டால் முப்பது வருடம் தாமதம்.

பின்வரிசை5

இடதுவிங், நீங்கள் சொன்னவற்றில் ஒன்றுகூட டாக்கிள் இல்லை. சட்டையைப் பிடித்து இழுப்பதும் பந்து போன பிறகு உதைப்பதும் அடிதடி. அவற்றைக் காட்டி டாக்கிளைத் தண்டிப்பதுதான் என் வழக்கே.

டாக்கிள் என்பது இதுதான். நின்று தடுப்பதென்றால், ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், முழங்கால் மடிந்து, உடம்பு பந்தின் மேல் சாய்ந்து, கணுக்காலை இறுக்கி, உள்பாதத்தால் பந்தின் நடுவை மோத வேண்டும். சறுக்குவதென்றால் எதிராளிக்குக் கிட்டே இருக்கும் காலை மடித்து, தொடையின் வெளிப்பக்கம் தரையில் படும்படி இறங்கி, தள்ளி இருக்கும் காலால் பந்தை அரைவட்டமாக வார வேண்டும். எதிராளி பந்தைத் தட்டிவிட்டு அடுத்த தொடலுக்குப் போகும் அந்த இடைவெளிதான் நேரம். இதைச் சரியாகச் செய்தால் யாருக்கும் அடிபடாது.

கையை ஆட்டி அட்டை கேட்கிற ஆட்டக்காரனும், டாக்கிளை மறுபடி மறுபடி மெதுவாக ஓட்டிக் காட்டுகிற கேமராவும் சேர்ந்துதான் இதைக் கொல்கிறார்கள். மெதுவாக ஓட்டினால் எல்லா டாக்கிளும் கொலை முயற்சியாகத்தான் தெரியும். 2019 நவம்பரில் எவர்ட்டன் ஆட்டத்தில் டாட்டன்ஹாமின் சோன் பின்னாலிருந்து எவர்ட்டனின் கோமெஸைத் தட்டினார். ரெஃப்ரீ முதலில் எடுத்தது மஞ்சள். கோமெஸின் கணுக்கால் திரும்பிக் கிடந்ததைப் பார்த்ததும் அது சிவப்பானது. பிறகு எஃப்.ஏ (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) அந்தச் சிவப்பை ரத்து செய்தது. காயத்துக்கு அட்டையா, செயலுக்கு அட்டையா?

விசில்

செயலுக்குத்தான். அந்த இடத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம், ரத்து செய்ததும் சரி.

கேமரா விஷயத்தில் வி.ஏ.ஆர் (வீடியோ உதவி நடுவர்) நடைமுறையே உங்கள் பக்கம்தான் பேசுகிறது. மெதுவான ஓட்டம் எங்கே பட்டது, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா போன்ற உண்மைகளுக்கு மட்டும். எவ்வளவு பலத்தோடு போனான் என்பதைச் சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். கெடுவது எங்கே என்றால், ஸ்டட் கணுக்காலில் பதிந்திருக்கும் உறைந்த படத்தைத் திரையில் முதலில் காட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்த கண்ணுக்குச் சாதாரண வேகம் ஏறாது. வரிசையை மாற்ற வேண்டும். முதலில் முழு வேகம், பிறகு படம்.

விதி டாக்கிள் செய்கிறவனுக்கு எதிரி என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். பெனால்டி பகுதிக்குள் நிச்சயமான கோல் வாய்ப்பைத் தடுத்தால் முன்பு பெனால்டி, சிவப்பு, அடுத்த ஆட்டத் தடை என மூன்றும் சேர்ந்து விழும். 2016-இல் மாற்றினார்கள். பந்துக்காகத்தான் போனான் என்றால் பெனால்டியோடு மஞ்சள் மட்டும். இழுத்தான், தள்ளினான் என்றால் பழையபடி சிவப்பு. நேர்மையாகக் காலை நீட்டுகிறவனைத்தானே அது காப்பாற்றுகிறது?

ஈரத்தரை (டர்பன்)

இருவரும் தரையை மறந்துவிட்டீர்கள். கோடை மழையில் டர்பன் கிக்குயு புல் நனைந்தால் சறுக்குகிறவன் நினைத்த இடத்தில் நிற்கமாட்டான், பந்தைத் தாண்டியும் போவான். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலம் இதற்கு நேர்மாறு. மழையே இல்லை, தரை காய்ந்து இறுகிக் கிடக்கும். சறுக்கினால் தொடை கிழியும் என்று பயந்து ஆட்கள் நின்றபடியே காலை விறைத்து நீட்டுவார்கள். அப்போது பாதம் பந்தின் மேல் ஏறி நழுவி, ஸ்டட் நேராக முழந்தாளுக்குக் கீழே போகும். எலும்பு முறிய இந்த நழுவலே போதும், கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. 1990 முதல் ஷின் கார்டு (முன்னங்கால் எலும்புக்கான காப்பு) கட்டாயம். ஆனால் இப்போது உள்ளங்கை அளவுக்குச் சின்னதாகப் போட்டுக்கொள்கிறார்கள், அதுவும் கணுக்காலுக்கு மேலே நின்றுவிடுகிறது.

இடதுவிங்

ஈரத்தரை சொல்வது முழு உண்மை, அதுவே என் வாதத்துக்கும் பலம். எண்ணம் நல்லதாக இருந்தும் கால் முறிகிறது என்றால், எண்ணத்தைப் பார்த்து அட்டை கொடுக்க முடியாது. ஈரத்தில் நிற்க முடியாது என்று தெரிந்தும் ஐந்து மீட்டர் தள்ளியிருந்து பாய்ந்தவன், அந்த ஆபத்தைத் தானே தேர்ந்தெடுத்தவன்.

2010 உலகக் கோப்பை இறுதியாட்டம் ஜோகன்னஸ்பர்கில் நம் சாக்கர் சிட்டி மைதானத்திலேயே நடந்தது. நெதர்லாந்தின் டி யோங் ஸ்டட்டோடு ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் மார்பில் உதைத்தார், 28-ஆவது நிமிடம். ரெஃப்ரீ ஹோவர்ட் வெப் மஞ்சளோடு விட்டார். அந்த ஆட்டத்தில் மொத்தம் 14 மஞ்சள்! முதலிலேயே சிவப்பு வந்திருந்தால் மற்றவர்கள் அடங்கியிருப்பார்கள்.

விசில்

அது சிவப்புதான், வெப்பும் பிறகு ஒத்துக்கொண்டார். அவருக்கு அந்தக் கணம் சரியாகத் தெரியவில்லை. இறுதியாட்ட ரெஃப்ரீக்கே அப்படியென்றால், நம் உள்ளூர் லீகில் லைன்ஸ்மேனும் இல்லாமல் தனியாக ஓடுகிறவரை நினைத்துப் பாருங்கள். டாக்கிளைப் பக்கவாட்டிலிருந்து, பத்துப் பதினைந்து மீட்டருக்குள் பார்த்தால்தான் பாதத்துக்கும் பந்துக்கும் நடுவே இருக்கும் வெளிச்சம் தெரியும். இருவருக்கும் நேர் பின்னால் ஓடினால் முதுகு மட்டும்தான் தெரியும். தெரியாதபோது விழுந்தவனின் அலறலைக் கேட்டு ஊதிவிடுகிறார்கள். பின்வரிசை5 முதலில் சொன்ன தவறான விசில்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பின்வரிசை5

சரி அண்ணா, நிற்கும் இடத்தை ஒத்துக்கொள்கிறேன். விதியை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு படி வேண்டும். அடித்தட்டு, இளையோர் ஆட்டங்களில் மஞ்சளோடு தற்காலிகமாக வெளியே உட்கார வைக்க 2017-இலிருந்து அனுமதி உண்டு. ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம். 60 நிமிட ஆட்டமென்றால் 6 முதல் 9 நிமிடம். தாமதமாக வந்த டாக்கிளுக்கு அப்போதே விலை கொடுத்து முடித்துவிடலாம்.

இடதுவிங்

உள்ளூரில் செய்து பார்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கணுக்காலுக்கு மேலே ஸ்டட் பட்டால் 6 நிமிடக் கணக்கே கூடாது, நேராகச் சிவப்பு.

விசில்

அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தற்காலிக வெளியேற்றம் மஞ்சளுக்கு மட்டுமே, சிவப்பை அது தொடாது. தேசியச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும், லீக் தானாகத் தொடங்க முடியாது. அதோடு, வெளியே உட்கார்ந்தவனின் நேரத்தைப் பார்க்கத் தனியாக ஓர் ஆளும் ஒரு கடிகாரமும் வேண்டும். தனியாக ஓடும் ரெஃப்ரீயின் தலையில் அதையும் கட்டினால் டாக்கிளை யார் பார்ப்பது?