சிசேரியன் தாய், இரண்டாம் நாள்: காம்பு வெடிப்பும் பால்மா நெருக்குதலும்

கேள்வி (கிளிநொச்சி, மகப்பேற்று விடுதி):
இரண்டாம் நாளே காம்பு வெடிக்குது. பிள்ளை கொஞ்சம் சூப்பிப்போட்டு நித்திரை. "பால் காணாது, பால்மா கரையுங்கோ" எண்டு அம்மம்மாமார் நிக்கினம். எதில தொடங்கிறது?

பதில் 1:
முதல் பிள்ளை கவ்வுற விதத்தைப் பாருங்கோ. வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். காம்பை மட்டும் கவ்வினால் அண்ணத்தில உரஞ்சும். மூக்கு காம்புக்கு நேர இருக்கட்டும். வாயை ஆவெண்டு திறந்த உடன நாடி முதல் முட்டுற மாதிரி அணையுங்கோ. காம்பைச் சுத்தின கருவளையம் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் கூடுதலாத் தெரியவேணும். வெட்டுக்காயம் நோகாமல் பிள்ளையைக் கமக்கட்டுக்குக் கீழால பிடிக்கலாம். கழட்டேக்க இழுக்காதேங்கோ, சின்னிவிரலைக் கடைவாயில விடுங்கோ.

பதில் 2:
நித்திரைப் பிள்ளைக்கு உடுப்பைக் கழட்டி, தாயின்ர நெஞ்சில தோலோட தோல் படுத்துங்கோ. 24 மணித்தியாலத்தில 8–12 தரம் குடிக்கவேணும். கவ்வாட்டி கையால கறவுங்கோ: விரல் கருவளையத்துக்குச் சற்று வெளியே, நெஞ்சுப்பக்கம் அமத்தி, பிறகு நசிக்கிறது. தோலில வழுக்கினால் நோகும், பாலும் வராது. வாறது சொட்டுத்தான், கரண்டியால பருக்குங்கோ, போத்தில் வேண்டாம்.

கேட்டவர்:
சொட்டைப் பார்த்துத்தானே அம்மம்மா பயப்பிடுறா!

பதில் 1:
முதல் நாள் ஒருதரத்துக்கு ஒரு தேக்கரண்டியளவு காணும். அவவையே பிள்ளை மூத்திரத்தால நனைச்ச துணியை எண்ணச் சொல்லுங்கோ: ஐந்தாம் நாள் தொடக்கம் ஒரு நாளைக்கு 6 தரமாவது. பிள்ளையின்ர நிறை பிறந்த நிறையிலயிருந்து 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சாலோ, எழுப்பியும் குடிக்காட்டிலோ உடன டொக்டருக்குச் சொல்லவேணும். கறந்த பாலை இந்த வெக்கைக்குள்ள 4 மணித்தியாலத்துக்கு மேல வெளியில வைக்காதேங்கோ.