காரில் கச்சேரி கேட்பதற்குக் கேபிள் நல்லதா, ப்ளூடூத் நல்லதா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மாதம் இருமுறை அப்பாவை அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் சென்று வருகிறேன். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வழி நெடுகக் கர்நாடக இசைக் கச்சேரிகள்தாம் எங்களுக்குத் துணை. 2018-இல் வாங்கிய கார். வாங்கும்போதே பொருத்தியிருந்த ஸ்டீரியோவில் ப்ளூடூத், ஆக்ஸ் துளை (ஹெட்போன் முனை போன்ற கேபிளைச் செருகிப் பாட்டை அனுப்பும் துளை), யுஎஸ்பி துளை ஆகிய மூன்றும் இருக்கின்றன. போனின் செயலிகளைக் காரின் திரையில் இயக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ இல்லை. என்னுடைய ஆண்ட்ராய்டு போனில் ஹெட்போன் துளை கிடையாது என்பதால், டைப்-சி முனையில் ஒரு சிறிய அடாப்டரைச் செருகி, அதிலிருந்து ஆக்ஸ் கேபிளைக் கொண்டுபோகிறேன்.

ப்ளூடூத்தில் கேட்கும்போது பாடகரின் குரல் தெளிவாகவே வருகிறது. ஆனால் இடைவிடாமல் இழைந்துகொண்டிருக்க வேண்டிய தம்புரா, குரல் ஓங்கும் இடங்களில் மங்கிப்போய், குரல் ஓய்ந்ததும் மறுபடியும் தலைகாட்டுகிறது. பாட்டு முடிந்து சபையோர் கைதட்டும்போது, தகரக் கூரையில் மழை பெய்வதைப் போன்ற சத்தம்தான் கேட்கிறது. ஆக்ஸ் கேபிளிலோ அதே கச்சேரி நிறைவாக ஒலிக்கிறது; மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், நெஞ்சில் படுகிறது. இருந்தும், போனைக் காரிலேயே சார்ஜ் போட்டால் கொசு ரீங்கரிப்பதைப் போன்ற ஓர் இரைச்சல் புகுந்துகொள்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறுகிறது.

ஸ்டீரியோவையும் நான்கு ஸ்பீக்கர்களையும் மாற்றினால்தான் இது சரியாகும் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு செலவு உண்மையிலேயே தேவைதானா? கேபிள் வழியாகக் கேட்பது எப்போதுமே மேலானது என்று சொல்வது சரியா? அப்பாவுக்கு 74 வயது. வயலின் வாசித்துப் பழகிய செவி என்பதால், ஒலி கெடுவதை என்னைவிட அவர் முன்னதாகக் கண்டுகொள்கிறார்.

பட்டறைக்காரன், கோவை:

வணக்கம் தம்பி. 22 ஆண்டுகளாகக் கார் ஸ்டீரியோ பொருத்தும் வேலை செய்கிறேன். உங்கள் காரில் எதையும் மாற்ற வேண்டிய நிலை இன்னும் வரவில்லை என்பதே என் கருத்து.

முதலில் அந்த ரீங்காரத்தைப் பார்ப்போம். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் இரைச்சல், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. எங்கள் தொழிலில் அதைக் கிரவுண்ட் லூப் என்போம். உங்கள் போன், சார்ஜர் வழியாக ஒருமுறையும் ஆக்ஸ் கேபிளின் வெளிச்சுற்று (வெளிப்புறமாகச் சுற்றியிருக்கும் கிரவுண்ட் கம்பி) வழியாக இன்னொரு முறையுமாகக் காரின் பாடியோடு இரண்டு இடங்களில் இணைந்துவிடுகிறது. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் இருக்கும் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு, பாட்டு செல்லும் அதே கேபிளில் ஓடி, ஸ்பீக்கரில் ரீங்காரமாக வெளிப்படுகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றுவிட்டால் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். பவர் பேங்கை மடியில் வைத்து அதிலிருந்து சார்ஜ் போட்டாலே தீர்ந்துவிடும். அல்லது ஆக்ஸ் கேபிளின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்னும் சிறிய உருளையை இணைக்கலாம். அதற்குள் இருக்கும் இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் பாட்டை மட்டும் கடத்திவிட்டு, நேரடி மின்தொடர்பைத் துண்டித்துவிடும். மிக மலிவானதை மட்டும் வாங்காதீர்கள். அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர் சிறியது என்பதால், நீங்கள் விரும்பும் அந்தத் தொப்பியின் கனத்தை முதலில் விழுங்குவது அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஆக்ஸ் கேபிளில் போனின் வால்யூமைப் பாதியில் வைத்துக்கொண்டு ஸ்டீரியோவின் வால்யூமை ஏற்றுவது பலருக்கும் உள்ள பழக்கம். போனிலிருந்து வரும் சிக்னல் மெலிந்திருந்தால், ஸ்டீரியோ அதைப் பெருக்கும்போது கேபிளில் உள்ள இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஆகவே போனை முக்கால் அளவுக்கு மேல் வைத்துக்கொண்டு, ஓங்கிய இடங்களில் குரல் பிசிறினால் மட்டும் ஓரிரு படிகள் இறக்குங்கள்.

கேபிள் எப்போதுமே மேலானது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு பெரியவர் என்னிடம் வந்து, தம் காரில் பாடகரின் குரலே கேட்கவில்லை, வயலினும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது என்றார். ஆக்ஸ் துளையில் விளக்கடித்துப் பார்த்தேன்; அடியில் தூசி இறுகி, கேபிளின் முனை முழுவதுமாக உள்ளே போகாமல் நூலிழை அளவு வெளியே நின்றது. அதனால் வெளிச்சுற்றின் தொடர்பு அற்றுப்போய், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது. பாடகரின் குரல் இரு பக்கங்களிலும் சமமாகப் பதிவாகியிருக்கும் என்பதால், கழித்தலில் அது அப்படியே காணாமல் போய்விட்டது. ஒரு பல்குத்தும் குச்சியும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் போதுமானதாக இருந்தன. கேபிள் என்றால் இத்தகைய தொல்லைகளும் உண்டு; ப்ளூடூத்தில் இவை இல்லை.

சுருதிபேதம்:

பட்டறைக்காரர் ஐயா சொன்னதோடு, ப்ளூடூத் பக்கத்தில் நடப்பதையும் விளக்குகிறேன். நான் ஒலிச் செயலாக்க மென்பொருள் எழுதுபவன். கேள்வி கேட்டவர் தம்புரா மங்குவதைக் குறித்து எழுதிய வரி என்னை மிகவும் ஈர்த்தது. ஏனெனில், அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதைக் காதாலேயே சுட்டிக்காட்டிவிட்டார்.

ப்ளூடூத்தில் இசையை அனுப்பும் ஏ2டிபி என்னும் முறையில், எல்லாக் கருவிகளுக்கும் கட்டாயமான கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிக்கும் முறை) எஸ்பிசி ஒன்றுதான். அது ஒலியை, பெரும்பாலும் எட்டு அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறது; 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஒரு பட்டையின் அகலம் ஏறத்தாழ 2,750 ஹெர்ட்ஸ். செலவழிக்கத் தன்னிடம் உள்ள பிட்டுகளை, அதாவது ஒலியை எழுதிவைக்கும் டிஜிட்டல் எண்களை, எந்தப் பட்டையில் ஒலி மிகுதியாக இருக்கிறதோ அதற்கு முதலில் ஒதுக்குகிறது. குரல் ஓங்கும்போது ஒதுக்கீட்டில் பெரும்பகுதி குரல் இருக்கும் பட்டைகளுக்கே போய்விடும். மென்மையான ஒலி உள்ள மேல்பட்டைகளுக்கு மிச்சம் மிகக் குறைவு, சில வேளைகளில் ஒன்றுமே இருக்காது. தம்புராவின் உயிரோ, தந்திக்கும் குதிரைக்கும் இடையில் வைக்கும் ஜீவாளி நூல் எழுப்பும் மேல் அலைகளில்தான் இருக்கிறது. குரல் எழும்போது அவை பட்டினி கிடக்கின்றன. குரல் ஓய்ந்ததும் மீண்டும் உணவு கிடைக்கிறது. நீங்கள் கேட்ட ஏற்ற இறக்கம் அதுதான். கைதட்டலில் எல்லாப் பட்டைகளும் ஒரே நேரத்தில் பிட்டுகளுக்குக் கைநீட்டுவதால் எதற்குமே போதிய அளவு கிடைப்பதில்லை.

எஸ்பிசி என்றாலே மோசம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. நல்ல தரத்துக்கென்று பரிந்துரைக்கப்பட்ட அமைப்பில் அது நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பும். அந்த நிலையில் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மிகக் கூர்ந்து கேட்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஸ்டீரியோவும் போனும் பேசிக்கொண்டு 229 கிலோபிட் போன்ற இடைநிலைத் தரத்துக்கு ஒத்துக்கொள்வதும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, குறுந்தகட்டின் அளவு 1,411 கிலோபிட். மேலும், இணையத்திலிருந்து வரும் பாட்டு ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டதே. போன் அதை விரித்து, மீண்டும் எஸ்பிசியாகச் சுருக்கி அனுப்புவதால், முதல் சுருக்கம் விட்டுவைத்ததை இரண்டாவது சுருக்கம் அரிக்கிறது.

போனின் டெவலப்பர் அமைப்புகளுக்குள் ப்ளூடூத் ஆடியோ கோடெக் என்ற வரியைத் திறந்து பாருங்கள். கார் இணைந்திருக்கும்போது எந்தக் கோடெக் ஓடுகிறது என்பது தெரியும். ஏஏசி என்னும் வேறொரு கோடெக் இருந்தால் அதையும் ஒருமுறை தேர்ந்து கேளுங்கள். ஐபோனில் ஏஏசி நன்றாகவே அமைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் தரம் மாறுகிறது. சோனி உருவாக்கிய எல்டாக் என்னும் கோடெக் 990 கிலோபிட் வரை செல்லும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் பல போன்களில் அது இருக்கிறது. ஆனால் ஸ்டீரியோவுக்கும் அது தெரிந்திருந்தால்தான் பயன். கார் தயாரிப்பிலேயே வரும் ஸ்டீரியோக்களில் அதை அரிதாகவே காண முடியும்.

கம்பியில்லா ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் ஐபோனுக்கான கார்ப்ளேயையும் ப்ளூடூத் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இணைப்பைத் தொடங்கி வைப்பதற்குத்தான் ப்ளூடூத்; பாட்டு வைஃபை வழியாகச் செல்கிறது. ஆகவே “கம்பியில்லாமல் கேட்டேன், நன்றாக இருந்தது” என்று ஒருவர் சொன்னால், எந்த வழியில் கேட்டார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாற்கரச்சாலை:

இருவரும் அருமையாக விளக்கியிருக்கிறீர்கள். இருந்தாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நானும் வாரந்தோறும் நெடுஞ்சாலையில் செல்பவன். 90 கிலோமீட்டர் வேகத்தில் டயர் சத்தமும் காற்றின் சத்தமும் காருக்குள் நிறைந்திருக்கும்போது, ஜீவாளியின் மேல் அலைகளை யார் கேட்கப்போகிறார்கள்? வண்டியை நிறுத்திவைத்து ஒப்பிட்டால் எனக்கும் வேறுபாடு தெரிகிறது. ஓடத் தொடங்கியதும் தெரிவதில்லை. செலவழிப்பதாக இருந்தால், கதவுத் தகட்டின் உட்புறம் பியூட்டைல் ஷீட் (ரப்பர் போன்ற தடிமனான ஒட்டுத்தாள்) ஒட்டி அதிர்வைக் குறைப்பதற்குச் செலவழிக்கலாம். ஆக்ஸ், ப்ளூடூத் இரண்டுக்கும் அதனால் நன்மை உண்டு.

சுருதிபேதம்:

கதவைக் குறித்து நீங்கள் சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் சாலை இரைச்சல் எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் மறைப்பதில்லை. டயர் இரைச்சலின் வலு பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் குவிந்திருக்கிறது. ஆகவே ஓடும் காரில் முதலில் மறைவது மிருதங்கத்தின் தொப்பி. தம்புராவின் மேல் அலைகளும் கைதட்டலும் ஓரளவு தப்பிப் பிழைக்கின்றன. ஒரு பெரியவர் வயலின் வாசித்துப் பழகிய காதோடு பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும்போது, அவருக்கு அது கேட்கவில்லை என்று நாம் முடிவுகட்டுவது சரியாகாது.

வைகைக்கரை அவர்களே, ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். இரண்டு வழிகளிலும் ஒலியின் அளவு சமமாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிட ஒன்றிரண்டு டெசிபல் உரக்க ஒலித்தாலே, அதுதான் தரமானது என்று நம் காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

வைகைக்கரை:

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, நானும் அப்பாவும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சோதித்தோம். நீங்கள் அனைவரும் காட்டிய அக்கறைக்கு அதை விரிவாக எழுதுவதே முறை.

போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஒரே ஆலாபனையின் ஒரே இடத்தை அளந்தபோது, ஸ்டீரியோவின் எண் மாறாமலேயே ஆக்ஸ் 4 டெசிபல் உரக்க ஒலித்தது. போதாக்குறைக்கு, ஆக்ஸுக்கு மட்டும் பேஸ் மூன்று படி ஏற்றப்பட்டிருந்தது. இந்த ஸ்டீரியோ ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைத்துக்கொள்வது எனக்கு இதுவரை தெரியாது. நெஞ்சில் பட்ட தொப்பியின் கனத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. இரண்டையும் சமப்படுத்திய பிறகு, குரலிலும் மிருதங்கத்திலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

தம்புராவில் மட்டும் வேறுபாடு மறையவில்லை. எந்த வழியில் ஒலிக்கிறது என்பதைச் சொல்லாமல் பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரல்களை எண்ணியபடி கேட்டு, ஒன்பது முறை சரியாகச் சொன்னார். தவறிய அந்த ஒரு முறை, தாள வாத்தியம் மட்டும் முன்னிற்கும் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. டெவலப்பர் அமைப்பில் பார்த்ததில், கார் எஸ்பிசியை மட்டுமே காட்டுகிறது; ஏஏசி மங்கலாக, தேர்ந்தெடுக்க முடியாதபடி இருக்கிறது.

எஞ்சினை இயக்கிப் பார்த்ததில், ரீங்காரம் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. கொஞ்சம் நல்ல ஐசொலேட்டராக 600 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். சார்ஜ் போட்டாலும் இப்போது அமைதியாக இருக்கிறது. தொப்பி மெலியவும் இல்லை. ஸ்டீரியோவை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கதவுக்கு ஷீட் ஒட்டும் யோசனை பிடித்திருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி. போனை அந்த யுஎஸ்பி துளையிலேயே கேபிள் போட்டு இணைத்தால், அடாப்டரே தேவைப்படாது அல்லவா? முயன்றபோது சார்ஜ் மட்டும் ஏறியது, பாட்டு வரவில்லை.

பட்டறைக்காரன், கோவை:

அப்பாவின் காதுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். சார்ஜ் போடுவதற்கென்றே டேட்டா கம்பி இல்லாமல் விற்கும் கேபிள்கள் ஏராளம். கேபிள் சரியாக இருந்தாலும், ஆண்ட்ராய்டு ஆட்டோ இல்லாத ஸ்டீரியோவில் உங்கள் போன் பாடுவதற்கு வாய்ப்புக் குறைவு. ஐபோனின் பாட்டை யுஎஸ்பி வழியாக வாங்கிக்கொள்ளும் வசதி அக்காலத்து ஸ்டீரியோக்கள் பலவற்றில் உண்டு. ஆண்ட்ராய்டிலும் அப்படியொரு வழி முன்பு இருந்தது; ஆண்ட்ராய்டு 8 வந்தபோது அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

அந்தத் துளைக்கு உரியது பென் டிரைவ்தான். அதில் பாட்டு எண்களாகவே ஸ்டீரியோவுக்குள் போய், அங்கேயே ஒலியாக மாறுவதால், ரீங்காரத்துக்கும் இடமில்லை, எஸ்பிசிக்கும் இடமில்லை. 32 ஜிபி டிரைவ் ஒன்றை வாங்கி, ஃபேட்32 என்னும் கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் என்னும் இன்னொரு முறையில் இருந்தால் பல ஸ்டீரியோக்கள் அதைப் படிக்காது. அப்பாவிடம் குறுந்தகடுகள் இருந்தால் அவற்றிலிருந்தே கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். தரம் குறையாமல் ஒலியைச் சேமிக்கும் ஃபிளாக், வேவ் ஆகிய இரண்டு வகைக் கோப்புகளில் ஒவ்வொன்றை முதலில் சோதித்துப் பாருங்கள். இரண்டையும் படிக்க மறுத்தால், 320 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றி ஏற்றுங்கள். கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் கொடுக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் மங்களம் முதலிலும் வர்ணம் கடைசியிலும் வந்துவிடும்.