உதவி: டூ பாயிண்டர் மைனஸ் எண் வந்தால் மட்டும் தவறாகிறது, எங்கே கோளாறு?

பட்டர்வொர்த் பையன்:

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. அடுத்த வியாழன் பாயான் லெப்பாஸில் எனக்கு கோடிங் இன்டர்வியூ. மூன்று வாரமாக டூ பாயிண்டர் கணக்கு (எண் வரிசையில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை நகர்த்தி விடை தேடுவது) மட்டும்தான் போடுகிறேன். காலையில் பெர்ரி ஏறினால் ஜார்ஜ்டவுன் சேர்வதற்குள் தாளில் ஒன்று, சாயங்காலம் திரும்பும்போது ஒன்று. கோடிங் பயிற்சித் தளமான லீட்கோட்டில் 167 (வரிசையாக உள்ள எண்களில் கூட்டினால் இலக்கு வரும் இரண்டைத் தேடுவது), 209 (கூட்டு இலக்கை எட்டும் மிகச் சிறிய அடுத்தடுத்த துண்டைத் தேடுவது) இரண்டும் இப்போது பார்க்காமலே எழுத வருகிறது.

நேற்று ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன். ஒரு அரே (எண்களின் பட்டியல்), ஒரு இலக்கு. அரேயில் அடுத்தடுத்து இருக்கும் சில எண்களைக் கூட்டினால் சரியாக இலக்கு வருமா, வராதா? 209-இல் எழுதிய மாதிரியே எழுதினேன்:

இடது = 0, கூட்டு = 0
ஒவ்வொரு வலதுக்கும்:
  கூட்டு += எண்[வலது]
  கூட்டு > இலக்கு என இருக்கும்வரை:
    கூட்டு -= எண்[இடது]
    இடது += 1
  கூட்டு == இலக்கு என்றால்: ஆம்

பாதி சோதனை சரி. ஆனால் [4, -3, 2, 6], இலக்கு 3 கொடுத்தால் ‘இல்லை’ என்கிறது. கண்ணாலேயே தெரிகிறது, 4 - 3 + 2 = 3. சோர்ட் பண்ணி, அதாவது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பார்த்தேன், ‘ஆம்’ என்று வந்தது! சோர்ட் பண்ணிவிட்டால் போதுமா? போன மாதம் வேறொரு இன்டர்வியூவில் இதே மாதிரி பாதியில் வாயடைத்து நின்றேன். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது.

செந்தூல்காரன்:

தம்பி, சோர்ட் பண்ணவே பண்ணாதே. கேள்வியில் ‘அடுத்தடுத்து’ என்று இருக்கிறது. சோர்ட் பண்ணினால் யார் பக்கத்தில் யார் நின்றார் என்பதே போய்விடும். [1, 5, 2], இலக்கு 3 போட்டுப் பார். சோர்ட் பண்ணினால் [1, 2, 5], உன் கோட் ‘ஆம்’ என்று சொல்லும். உண்மையில் 1-க்கும் 2-க்கும் நடுவில் 5 நிற்கிறது, விடை ‘இல்லை’. உன் சோதனையில் சரியாக வந்தது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ்:

மைனஸ்தான் பிரச்சினை என்றால் எல்லா எண்ணோடும் 3 கூட்டிவிடலாமே? [7, 0, 5, 9] ஆகிவிடும், மைனஸே இருக்காது.

செந்தூல்காரன்:

அது நடக்காது நண்பரே. மூன்று எண் எடுத்தால் 9 கூடுதலாகச் சேரும், இரண்டு எடுத்தால் 6. 7 + 0 + 5 = 12. அதாவது மூன்று எண்ணுக்கு இலக்கு 12, இரண்டு எண்ணுக்கு 9, ஒரு எண்ணுக்கு 6. ஒவ்வொரு நீளத்துக்கும் தனி இலக்கு வைத்துத் தேட வேண்டி வரும்.

பாயான் லெப்பாஸ் அக்கா:

தம்பி, நான் இங்கே சில வருஷமாக இன்டர்வியூ எடுக்கிறேன். கோட் மனப்பாடம் ஆன பிள்ளைகள் நிறைய பேர் வருகிறார்கள். பாயிண்டரை ஏன் நகர்த்தினாய் என்று கேட்டால் நின்றுவிடுகிறார்கள். உன் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் 167. பாலிக் பூலாவில் டுரியான் கடை என்று வைத்துக்கொள். எடைப்படி வரிசையாக ஐந்து பழம்: 1.2, 1.6, 1.9, 2.4, 3.1 கிலோ. இரண்டு பழம் சேர்த்துச் சரியாக 4 கிலோ வேண்டும். இரண்டு ஓரத்தையும் எடு: 1.2 + 3.1 = 4.3, அதிகம். இப்போது 3.1-ஐ ஒதுக்குகிறாய். எந்த தைரியத்தில்? இருப்பதிலேயே சின்னப் பழத்தோடு சேர்த்தே 4-ஐத் தாண்டிவிட்டது, வேறு எதோடு சேர்த்தாலும் தாண்டத்தான் செய்யும். அந்தப் பழத்துக்கு இனி வேலை இல்லை. அடுத்து 1.2 + 2.4 = 3.6, குறைவு. மிச்சத்தில் பெரிய பழத்தோடு சேர்ந்தும் 1.2 எட்டவில்லை, அதையும் ஒதுக்கு. 1.6 + 2.4 = 4.0. முடிந்தது.

பார்க்காத ஜோடிகளைப் பார்க்காமலே தள்ளினாய். அதற்கான உரிமையைக் கொடுத்தது வரிசை. 10,000 எண் இருந்தால் மொத்த ஜோடி 4,99,95,000. இந்த முறையில் 9,999 அடிக்குள் முடிந்துவிடும். இவ்வளவையும் தள்ளுகிறோம் என்றால் ஒவ்வொரு தள்ளலுக்கும் காரணம் இருக்க வேண்டும்.

இப்போது உன் கோட். கூட்டு இலக்கைத் தாண்டினால் இடதுபக்க எண்ணைத் தள்ளுகிறாய். 209-இல் எல்லாம் பாசிட்டிவ் எண் என்று கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள். அங்கே வலதைச் சேர்த்தால் கூட்டு ஏறும், இடதை எடுத்தால் இறங்கும். தாண்டிய கூட்டு வலதைச் சேர்த்துத் திரும்ப இறங்கவே இறங்காது, ஆகவே தள்ளலாம். உன் அரேயில் முதல் எண் 4, இலக்கு 3. தாண்டிவிட்டது என்று 4-ஐத் தூக்கிப் போட்டாய். அடுத்து வரும் -3 அதை 1-க்கு இறக்கும் என்று அப்போது உனக்குத் தெரியாது. விடை அந்த இடத்திலேயே போய்விட்டது. கடைசியில் 6 வந்ததும் பார்: -3 + 2 + 6 = 5. இலக்கைத் தாண்டியதால் -3-ஐ எடுக்கிறாய், கூட்டு குறையாமல் 8 ஆகிறது!

அதனால் மைனஸ் வரலாம் என்றால் இந்த முறையை விட்டுவிடு. ஓடும் கூட்டு எழுது, அதாவது முதலிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிக்கொண்டே போ. 0-இல் தொடங்கு: 0, 4, 1, 3, 9. அடுத்தடுத்த எண்கள் உள்ள எந்தத் துண்டின் கூட்டும் இதில் இரண்டு எண்ணின் வித்தியாசம்தான், பின்னால் வந்ததிலிருந்து முன்னால் வந்ததைக் கழி. 3 வித்தியாசம் எங்கே? 3 - 0. அதாவது முதல் மூன்று எண். 4-க்கும் 1-க்கும் வித்தியாசம் 3 என்று ஏமாந்துவிடாதே, அங்கே 4 முன்னால் வருகிறது. இதுவரை வந்த கூட்டுகளை ஒரு ஹேஷ் மேப்பில் (போட்டு வைத்ததை உடனே தேடிப் பார்க்க உதவும் அட்டவணை) வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியிலும் ‘இப்போதைய கூட்டு கழித்தல் இலக்கு’ அதில் இருக்கிறதா என்று தேடு. ஒரே ஓட்டம். மெமரியில் கூடுதல் இடம் மட்டும் வேண்டும்.

பட்டர்வொர்த் பையன்:

அக்கா, டுரியான் கணக்கு மண்டையில் ஏறிவிட்டது, ரொம்ப நன்றி. மூன்று வாரமாக நான் விரலை மட்டும் நகர்த்திக்கொண்டு இருந்திருக்கிறேன். ஹேஷ் மேப் எழுதினேன், ஆனால் அதே அரேக்கு இன்னமும் ‘இல்லை’ என்றுதான் வருகிறது. மேப் காலியாகத் தொடங்கி, 4, 1, 3, 9 என்று சேர்க்கிறேன். தேடிவிட்டுத்தான் சேர்க்கிறேன்.

பாயான் லெப்பாஸ் அக்கா:

நான் 0-இல் தொடங்கு என்றேன், நீ 4-இல் தொடங்கியிருக்கிறாய். மேப்பில் 0-ஐ முதலிலேயே போட்டு வை. ஒன்றும் எடுக்காதபோது கூட்டு 0, அதுவும் ஒரு கூட்டுதான். முதல் எண்ணிலிருந்தே தொடங்கும் துண்டுகளை அது இல்லாமல் பிடிக்க முடியாது. தேடிவிட்டுச் சேர்ப்பது சரி, அதை மாற்றாதே. இலக்கு 0 என்று கொடுத்தால், முதலில் சேர்த்துவிட்டுத் தேடும் கோட் தன்னையே கண்டுபிடித்து ‘ஆம்’ சொல்லிவிடும்.

செந்தூல்காரன்:

இன்டர்வியூவில் கேள்வி வந்ததும் முதலில் ‘மைனஸ் எண் வருமா?’ என்று வாய்விட்டுக் கேள், தம்பி. நான் கேட்காமல் எழுதத் தொடங்கி இருபது நிமிஷத்தைத் தொலைத்தவன். பாசிட்டிவ் மட்டும் என்றால் உன் பழைய கோடே போதும், கூடுதல் இடமும் வேண்டாம்.

பட்டர்வொர்த் பையன்:

0 போட்டதும் வந்துவிட்டது! [1, 5, 2]-க்கும் சரியாக ‘இல்லை’ என்கிறது. இன்னும் ஒன்று மட்டும். லீட்கோட் 560 எத்தனை துண்டு என்று எண்ணச் சொல்கிறது. [2, -2, 2], இலக்கு 2 போட்டேன். எனக்கு 2 வருகிறது, கையால் எண்ணினால் 3.

பாயான் லெப்பாஸ் அக்கா:

ஓடும் கூட்டை எழுதிப் பார்: 0, 2, 0, 2. கடைசி 2-க்கு முன்னால் 0 இரண்டு தடவை வந்திருக்கிறது. நீ ‘இருக்கிறதா’ என்று மட்டும் பார்க்கிறாய், அதனால் ஒன்றைத்தான் எண்ணுகிறாய். மேப்பில் ஒவ்வொரு கூட்டும் எத்தனை தடவை வந்தது என்று வைத்து, அதை விடையில் கூட்டு. 0-க்கு ஆரம்பத்தில் 1.

பட்டர்வொர்த் பையன்:

3 வந்துவிட்டது அக்கா. நாளைக்குப் பெர்ரியில் இதையே தாளில் திரும்ப எழுதுகிறேன், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஏன் என்றும் எழுதி.